பழைய இரவின் வாசனை யாருக்குச் சொந்தம்?

பாரிஸ் நகரத்தில் 1889-ஆம் ஆண்டு மூலான் ரூஜ் என்ற இரவு நடன விடுதி திறக்கப்பட்டது. நூறு வருசத்துக்கு மேல் கழித்து ஒரு பிரெஞ்சு நிறுவனம் அந்த விடுதியின் பெயரையும் அந்த ஆண்டையும் சேர்த்து '1889 மூலான் ரூஜ்' என்றே ஒரு சென்டுக்குப் பெயர் வைத்தது. இதற்கெல்லாம் முன்னோடி 1928-இல் வந்த 'ஸ்வார் த பாரி'. நம் ஊரில் 'ஈவினிங் இன் பாரிஸ்' என்ற பெயரில், அடர்நீல பாட்டிலில், வசதியான வீட்டு அலமாரிகளில் இருந்தது அதுதான். புகழ்பெற்ற ஷனெல் நம்பர் 5-ஐச் செய்த எர்னஸ்ட் போ இதையும் செய்தார். இப்போது ஆன்லைனில் அதிகம் பேசப்படுவது மெசோன் மார்ஜியெலாவின் 'ஜாஸ் கிளப்'. ரம், புகையிலை, வெனிலா வாசனை. தோல் நாற்காலியில் சாய்ந்து சுருட்டுப் பிடிக்கும் ஒரு ராத்திரியை நினைவூட்டும் என்று சொல்லி விற்கிறார்கள்.

இந்த பாட்டில்களில் பூவும் பிசினும் சாராயமும் இருக்கின்றன. ஆனால் காசு வாங்குவது அதற்காக மட்டும் இல்லை. முடிந்துபோன ஒரு காலத்தின் இரவை விற்கிறார்கள். மங்கல் விளக்கு, பாட்டு, குடி, அலங்காரம். அந்த ராத்திரிக்கு ஒருநாளும் போயிராதவரும் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவினால் போய்வந்த மாதிரி இருக்கும் என்பதே வியாபாரம். நம்மூர் சினிமாவும் ரீல்ஸும் இதைத்தான் வேறு சாமான்களை வைத்துச் செய்கின்றன. ஜமீன் மாளிகை, பன்னீர்ச் செம்பு, ஜவ்வாது, சதிர்க் கச்சேரி. பின்னணியில் "அந்தக் காலம் போல வருமா" என்று ஒரு குரல்.

வன்கொடுமை வழக்குகள் நிலுவையில் கிடக்கின்றன, ஸ்காலர்ஷிப் பணம் வந்து சேரவில்லை, இந்த நேரத்தில் சென்டைப் பற்றி என்ன எழுத்து என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: சாதி சட்டப் புத்தகத்துக்கு வருவதற்கு முன்பே மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. மணக்க உரிமை உள்ளவர் யார், நாறுகிறவர் என்று பேர் வாங்குகிறவர் யார் என்ற தீர்ப்பு தினமும் எழுதப்படுகிறது. பழைய இரவின் வாசனையை விற்கிறவர்கள் விருந்தாளியின் மூக்கை வைத்து மட்டுமே அந்த இரவை நினைக்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவரின் மூக்கும், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் மூக்கும் அந்த நினைவில் இல்லை. கரிசல் காட்டில் இருந்து பார்க்கிற நமக்கு இது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பருத்தியின் பேரில் ஒரு கிளப்

'ஜாஸ் கிளப்' சென்டின் லேபிளில் 'புரூக்ளின், 2013' என்று போட்டிருக்கும். ஆனாலும் அது மனசில் எழுப்புகிற படம் பழையது. ஜாஸ் யாருடைய இசை? அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. அந்த இசையின் புகழ்பெற்ற இரவு விடுதி எது? நியூயார்க் ஹார்லெம் பகுதியில் 1923-இல் திறந்த காட்டன் கிளப். மாமேதை டியூக் எலிங்டன் 1927 முதல் 1931 வரை அங்கே தன் குழுவோடு வாசித்தார். மேடையில் பாடியவர்கள், ஆடியவர்கள், வாசித்தவர்கள் கறுப்பர்கள். மேசையில் உட்கார்ந்து குடிக்க அனுமதி வெள்ளையருக்கு மட்டும். அதுவும் கறுப்பர்கள் குடியிருக்கிற ஹார்லெமின் நடுவிலேயே.

அந்த விடுதியின் அலங்காரத்தைக் கவனியுங்கள். தென்மாநிலப் பருத்திப் பண்ணையைப் போல ஜோடித்திருந்தார்கள். பெயரே காட்டன் கிளப். பாட்டனும் பூட்டனும் அடிமையாக நின்று பருத்தி எடுத்த காட்டையே செட்டுப் போட்டு, அதன் முன்னால் பேரப்பிள்ளைகளை ஆடவிட்டு, பண்ணைக்காரர்களின் வாரிசுகள் ரசித்தார்கள். இந்த ராத்திரியில் இருந்து ரம்மையும் புகையிலையையும் மட்டும் பிரித்தெடுத்து பாட்டிலில் அடைத்துவிடலாம். வாசலில் நின்று "உனக்கு உள்ளே இடமில்லை" என்று சொன்ன காவல்காரனை எந்த பாட்டிலில் அடைப்பார்கள்?

பருத்தி என்றதும் கரிசல்காரர்களுக்குக் காது நிமிரும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அடிமைகள் எடுத்த பருத்தி இங்கிலாந்து மில்களுக்கு வருவது நின்றது. அந்த ஓட்டையை அடைக்க இந்தியப் பருத்தி கப்பலேறியது. நம் கரிசலின் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாக 'டின்னவெல்லி' என்ற பெயரில் போனது. அங்கே நிறத்தின் பேரால் குனிய வைக்கப்பட்டவர்கள் எடுத்த பஞ்சும், இங்கே பிறப்பின் பேரால் குனிய வைக்கப்பட்டவர்கள் எடுத்த பஞ்சும் ஒரே மில்லில் நூலாகின. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமுக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது. 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்கு அவர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். இரண்டு மக்களின் நிலையிலும் இருந்த ஒற்றுமையை அந்தக் கடிதத்தில் குறிப்பிட்டார். காட்டன் கிளப்பையும் கரிசல் காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு அண்ணலே வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அதே வருசங்களில் நம் பக்கம்

எலிங்டன் காட்டன் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த காலம். 'ஈவினிங் இன் பாரிஸ்' வந்து இரண்டே வருசம். 1930 டிசம்பர். திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த கோவில்பட்டிக்கு வடக்கே, சாத்தூர் போனால் அன்று ராமநாதபுரம் ஜில்லா. அந்த ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது.

இந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. பெண்கள் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது.

இதை நிறுத்தி யோசியுங்கள் தோழர்களே. நகைக்குக் காசு வேண்டும். குடைக்குக் காசு வேண்டும். பூவுக்கு என்ன வேண்டும்? வேலியோரத்தில் பூத்ததைப் பறித்துத் தலையில் வைத்தால் போதும். மஞ்சள் ஒரு துண்டு. எந்த ஏழையாலும் முடிகிற அலங்காரம் இந்த இரண்டுதான். அதனால்தான் அதையும் சேர்த்துத் தடுத்தார்கள். கூலிக்காரிக்குக் காசில்லாமல் கிடைக்கிற ஒரே மணத்தையும் சட்டம் போட்டு எடுத்தார்கள். அவள் நடந்து போனால் வேர்வை மட்டும்தான் வீச வேண்டும். பிறகு அந்த வேர்வையைக் காட்டியே "நாறுகிறாள்" என்று சொல்ல வேண்டும். தீட்டு வானத்தில் இருந்து விழவில்லை. இப்படித்தான் உற்பத்தி செய்தார்கள்.

இது பலிக்காதபோது வன்முறை நடந்தது. குடிசைகள் எரிந்தன. 1931 ஜூன் மாதம் பதினொரு தடைகளாகப் பட்டியல் நீண்டது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காகத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

கிராமத்தின் இரவு வாழ்க்கை என்பது வேறு என்ன? கல்யாண ஊர்வலம், மேளம், கொண்டையில் பூ, விளக்கு வெளிச்சம். அந்த ராத்திரியின் ஒவ்வொரு சாமானையும் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். யாராவது உங்களிடம் 1930-களின் இரவு எவ்வளவு அழகு என்று சொன்னால், எந்தத் தெருவின் இரவைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். இது பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் குதிரை ஏறும் தலித் மாப்பிள்ளைக்கு இன்றும் போலீஸ் காவல் தேவைப்படுகிறது.

கரிசல் இரவில் வேலை பார்த்தவர்கள்

அப்படியானால் நமக்கு இரவே இல்லையா? இருந்தது. அந்த இரவை உழைத்து உண்டாக்கியதே நம்மைப் போன்றவர்கள்தான்.

தமிழ் நாடக மேடையின் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டிக்காரர். அவர் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகங்கள் கரிசல் ஊர்களில் விடிய விடிய நடந்தன. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், ரோஸ் பவுடர், மல்லிகை, சுக்குக்காப்பி, பீடிப் புகை. கொடைவிழா என்றால் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகம், நையாண்டி மேளம். கேட்கவே ஆசையாக இருக்கிறது அல்லவா? ஒரு நல்ல சென்ட் கம்பெனிக்காரன் கண்ணில் பட்டால் நாளைக்கே 'கரிசல் ராத்திரி' என்று பாட்டிலில் அடைத்துவிடுவான்.

அந்த பாட்டிலில் ஏறாதவற்றைச் சொல்கிறேன். பறை அடித்துக் கூட்டம் சேர்த்தவன் கூட்டத்தோடு உட்கார்ந்து கூத்துப் பார்க்க முடியாது. சேரிச் சனம் எட்ட நின்றுதான் பார்த்தது. விடிய விடிய ஆடிய கரகாட்டக்காரியை ராத்திரி ரசித்த கண்களே பகலில் ஏசின. மேடையில் ராணியாக நடித்தவளுக்குக் குடியிருக்க வீடு கொடுக்க ஊர் யோசித்தது. கே.ஏ. குணசேகரன் (1955–2016) இந்தக் கலைகளை ஆய்வு செய்தவர், தானே மேடையேறிப் பாடியவர். தன் தன்வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் 'வடு'. இரவின் பாட்டுக்குப் பக்கத்தில் பகலின் வடுவையும் வைக்காமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

ஒரு சமூகத்தின் பெயரையே கேளிக்கையாக்கிய மேடையும் இருந்தது. 'குறவன் குறத்தி ஆட்டம்' என்ற பேரில் ஆபாசமாக ஆடவிட்டுப் பார்த்தார்கள். குறவர் சமூகத்தினர் இது எங்களை இழிவுபடுத்துகிறது என்று போராடி, நீதிமன்றம் போய், 2023-இல் தமிழக அரசு அந்தப் பெயரில் ஆட்டம் நடத்தத் தடை விதித்தது. "பாரம்பரியக் கலை அழிகிறதே" என்று அப்போது வருத்தப்பட்டவர்களும் உண்டு. யாருடைய மானத்தைச் செலவு செய்து அந்தப் பாரம்பரியம் நடந்தது என்ற கேள்வி அந்த வருத்தத்தில் இல்லை.

ராத்திரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோவில்பட்டியில் மில் சங்கு ஊதினால் நைட் ஷிப்டுக்கு ஆள் போகும். இரவெல்லாம் பஞ்சுத்தூசி மூக்கில் ஏறும். அதைவிடக் கொடுமை தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரக் கிராமங்களில் விடிவதற்கு முன்னால், மூன்று நான்கு மணிக்கே, கம்பெனி வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். தூக்கக் கலக்கத்தோடு ஏறிய பிள்ளை பொழுது அடைந்த பிறகு இறங்கும். 1990-இல் வந்த சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

அந்தப் பிள்ளைகளின் விரலில் ஒரு வாசனை இருந்தது. கந்தகமும் குளோரேட்டும் பசையும் கலந்த மருந்து வாடை. சோப்புப் போட்டாலும் சோற்றில் கை வைத்தால் வரும். பணக்காரக் கிளப்பின் சுருட்டு வாசனை இன்று விலை உயர்ந்த சென்ட். சுருட்டைப் பற்றவைக்கும் தீக்குச்சியை அடுக்கிய விரலின் வாசனை மட்டும் யாருக்கும் ஏக்கம் தருவதில்லை.

மல்லிகையில் இருக்கிற ரகசியம்

வேதியியல் படிக்கும் தோழர்களுக்கு இந்தப் பகுதி. இண்டோல் என்று ஒரு பொருள். மல்லிகைப் பூவின் மயக்கும் வாசனைக்கு அது ஒரு காரணம். மனித மலத்தின் நாற்றத்திலும் அதே இண்டோல் இருக்கிறது. கொஞ்சமாக, மற்ற பொருட்களோடு கலந்து வந்தால் பூ வாசம். அளவு கூடினால் மூக்கைப் பொத்த வேண்டும். சென்ட் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது பாலபாடம். புனுகையும் எடுத்துக்கொள்ளுங்கள். புனுகுப்பூனையின் வால் அடியில் உள்ள சுரப்பியில் வழித்தெடுப்பது. பச்சையாக மோந்தால் குமட்டும். பக்குவப்படுத்தினால் வாசனைத் திரவியம். திருமலைப் பெருமாளுக்கே புனுகுத் தைலம் சாத்துகிறார்கள்.

பூனையின் வாலடியில் வந்தது சாமி மேலே ஏறலாம். செத்த மாட்டை அப்புறப்படுத்தியவன் கோயில் தெருவில் ஏறக் கூடாது. மல்லிகையிலும் மலக்குழியிலும் ஒரே மூலக்கூறு இருக்க, ஒன்றைத் தலையில் வைத்தவர்களும் இன்னொன்றைத் தலையில் சுமந்தவர்களும் எப்படி இரண்டு பிறப்பு ஆனார்கள்? மணமும் நாற்றமும் பொருளில் பாதி, அதை யார் தொடுகிறார்கள் என்பதில் மீதி. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்து 2013-இல் சட்டம் வந்த பிறகும் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்களின் சாதி மாறவில்லை.

நாற்றம் ஆயுதமாகவும் பயன்படுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவை எடுத்துப் படியுங்கள். முதல் குற்றமே தலித், பழங்குடி மக்கள் வாயில் தின்னத் தகாத, அருவருப்பான பொருளைத் திணிப்பது. அடுத்தது அவர்கள் வீட்டில் அல்லது வாசலில் மலம், சாக்கடை, செத்த மிருகம் போடுவது. சட்டம் எழுதியவர்கள் கற்பனை செய்து எழுதவில்லை. நடந்ததைப் பார்த்து எழுதினார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே வந்தபோது, அந்தப் பிரிவு எதற்காக இருக்கிறது என்று தமிழ்நாடு முழுக்க விளங்கியது.

மல்லிகைக்குத் திரும்புவோம். பாரிஸ் சென்டுகளில் நம் மல்லி இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்து மொட்டுகளில் இருந்து எடுக்கிற சாறு உலகத்தின் பெரிய வாசனைக் கம்பெனிகளுக்குப் போகிறது. மொட்டை விடிகாலையில் பறிக்க வேண்டும். சாயங்காலம் அது விரிய ஆரம்பித்து மணம் விடும்போது ஆலையில் போட்டுச் சாறு இறக்குவார்கள். பல நூறு கிலோ மொட்டுக்கு ஒரு கிலோ அளவில்தான் சாறு கிடைக்கும். அந்த நூற்றுக்கணக்கான கிலோவையும் ஒவ்வொரு மொட்டாகக் கையால்தான் கிள்ளியாக வேண்டும். இருட்டில் இடுப்பில் மடி கட்டிக்கொண்டு, பூச்சிக்கும் பாம்புக்கும் பயந்துகொண்டு பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரவுக் கேளிக்கையின் வாசனைக்குப் பின்னால் இருக்கிற இரவு உழைப்பு இது. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. கிள்ளுகிற விரலுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது.

எகிப்தில் என்ன நடக்கிறது என்று 2024 மே மாதம் பிபிசி காட்டியது. வாசனைத் தொழிலுக்கு வேண்டிய மல்லிகையில் உலகின் பாதியளவு அங்கிருந்து போகிறது. லான்கோம், ஏரின் என்ற பெரிய பெயர்களில் விற்கும் சென்டுகளுக்குப் பூ போகிற தோட்டங்களில், நடுராத்திரி தாண்டி எழுந்து தாயோடு பூப்பறிக்கும் பிள்ளைகளை அந்தச் செய்தி காட்டியது. எடைக்குக் கிடைக்கிற கூலி கட்டுப்படியாகவில்லை என்பதால் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்கள். நம் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி அங்கே வேறு உருவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது?

சென்ட் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். நன்றாகப் போடுங்கள். பிடித்த பூவை வையுங்கள், பிடித்த சட்டையை மாட்டுங்கள். 1927-இல் மகத்தில் அண்ணல் பெண்களைப் பார்த்துச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டுகிற மாதிரிச் சேலை கட்டுவதையும் நகை போடுவதையும் விடுங்கள் என்றார். தானும் கோட்டும் சூட்டுமாக நின்றார். சிலர் அதைப் பகட்டு என்றார்கள். முழங்காலுக்குக் கீழே துணி கட்டவே தடை போட்ட நாட்டில் அந்தக் கோட்டு ஒரு தீர்மானம். பூ வைக்கத் தடை போட்ட சீமையில் ஒரு முழம் மல்லிகையும் அப்படித்தான். விடுதியில் யாராவது "உங்க ஆளுகளுக்குச் சென்டெல்லாம் எதுக்கு" என்று கிண்டல் செய்தால், "கறி வாடை வரும்" என்று வீடு கொடுக்க மறுத்தால், அது தனிப்பட்டவரின் நாகரிகக் குறைவு என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். அதன் வேர் 1930-இன் பட்டியலில் இருக்கிறது. அதைப் பேரைச் சொல்லி எதிர்க்கலாம்.

மறுக்க வேண்டியது அந்த ஏக்கத்தைத்தான். கல்லூரிகளில் 'ரெட்ரோ நைட்', 'பாரம்பரிய இரவு' என்று நடத்துகிறார்கள். ஜமீன் வேசம் கட்டி ஊஞ்சலில் உட்காருகிறார்கள். அந்த மேடையில் தீவட்டி பிடித்தவனாக, பல்லக்குத் தூக்கியாக, பூ வைக்கத் தடை வாங்கிய பெண்ணாக யார் வருவது என்று கேளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டதும் ஒரு பழைய இரவுதான். அந்த வாசனையையும் சேர்க்காமல் பழைய இரவுகளைப் பற்றிப் பேச முடியாது என்று சொல்லுங்கள். விழாவைக் கெடுக்கிறாயா என்பார்கள். கெடுக்கலாம்.

சோ. தர்மன் தன் நாவலுக்குக் 'கூகை' என்று பெயர் வைத்தார். பலம் இருந்தும் பகலில் மற்ற பறவைகளால் விரட்டப்படும் இரவுப் பறவை. தலித் எழுத்தாளர் என்ற முத்திரையை அவர் ஏற்பதில்லை. அது அவர் உரிமை. ஆனால் கரிசல் இரவை உள்ளே இருந்து பார்த்த கண் எப்படி இருக்கும் என்று தெரிய அந்த நாவலை வாசித்தாக வேண்டும். விருந்தாளி பார்க்கிற இரவும் கூகை பார்க்கிற இரவும் ஒன்றாக இருக்காது.

கடைசியாக ஒரு வேலை. இந்த லீவில் ஊருக்குப் போகும் தோழர்கள் எழுபது, எண்பது வயதான பாட்டி தாத்தாக்களிடம் உட்காருங்கள். போனில் குரல் பதிவை ஓடவிடுங்கள். நாலு கேள்வி போதும். சின்ன வயசில் உங்களுக்குத் தலையில் பூ வைக்க முடிந்ததா, யார் தடுத்தார்கள்? கூத்து நடந்தால் நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? உங்கள் கல்யாணத்தில் மேளம் வந்ததா, எந்தத் தெரு வரை வந்தது? ராத்திரி வேலைக்குப் போனால் கையில் என்ன வாடை இருக்கும்? அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பூப்பறிக்கிற, கரகம் ஆடுகிற, பெட்டி ஒட்டுகிற அத்தைகளிடம் இன்றைய கூலி எவ்வளவு என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதுங்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டால் அடுத்த மனுவுக்கு விசயம் கிடைத்துவிடும். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் விலை ஏறுகிற நாளில் பறிகூலியும் ஏறுகிறதா என்று அங்கேயே நின்று கேட்கலாம்.

1930-இல் பூ வைக்கக் கூடாது என்ற உத்தரவைக் கேட்டவர்களில் யாரும் இன்று இருக்கப்போவதில்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். சீக்கிரம் போங்கள்.